தலைமாட்டில் ஒரு வெங்காயம்

மித் ரஸ்லான் சந்தையில் வெங்காயம் விற்கும் இன்ஷிராஹைக் கண்ணால் தேட வேண்டியதில்லை, மூக்கை நீட்டினாலே போதும். தந்தா டவுனிலிருந்து வரும் மினிபஸ் வாய்க்கால் திருப்பத்தில் திரும்பியதும், "இன்ஷிராஹ் இறங்கறவங்கல்லாம் இறங்கு!" என்றுதான் டிரைவர் கூவுவான். ஒரு பஸ் நிறுத்தத்துக்கே தன் பெயரை வைத்துவிட்டார்கள் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். "மந்திரி பேர் வெச்ச பாலம் ரெண்டு வருஷத்துல இடிஞ்சுது. என் பேர் வெச்ச இடம் நாறிக்கிட்டாவது நிக்குது" என்பாள்.

அவள் பிறந்ததே வெங்காயச் சாக்கின் மேல்தான். அறுவடைக்குப் போன அம்மாவுக்கு வயலிலேயே வலி எடுத்துவிட்டது. தொப்புள்கொடியை அறுத்தது வெங்காயத்தாள் அரியும் அரிவாளால் என்று இன்ஷிராஹ் சொல்வாள். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா என்று கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள். ஆனால் ஒன்று மட்டும் ஊரறிந்த உண்மை. வெங்காயம் அவள் கண்ணை ஒன்றும் செய்யாது. கல்யாண வீட்டில் மூட்டை மூட்டையாக வெங்காயம் அரிந்து தள்ளுவாள். சுற்றியுள்ள பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒப்பாரி வைத்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் வறண்ட கண்ணோடு அடுத்த வீட்டு விவாகரத்தைப் பற்றி விவரமாகப் பேசிக்கொண்டிருப்பாள்.

புருஷன் பெயர் மித்வல்லி, பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் பியூன். கஞ்சி போட்ட நீள அங்கியும் மடிப்புக் கலையாத துண்டுமாக அவர் நடந்து வந்தால் ஹெட்மாஸ்டரே ஒதுங்கி வழிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த பெண்டாட்டி வாசற்படி ஏறும்போதே வாசனை முன்னால் வந்து கதவைத் தட்டும். பன்னீரில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் மனுஷன் வீட்டுக்குள் நுழைவார், தூங்கும்போதும் அது மூக்கிலேயே இருக்கும்.

"நான் பொண்ணைக் கட்டினேனா, மண்டியைக் கட்டினேனா?"

"மண்டியைத்தான். அதனாலதான் மூணு வேளையும் வயிறு ரொம்புது."

இந்த வசனம் தினப்படி நடக்கும். விருந்தாளி இருந்தால் கொஞ்சம் சத்தமாக நடக்கும். ஒருநாள் மட்டும் வலது கை விரலில் பெரிய கட்டோடு வந்தார். பள்ளிக்கூட மணி நசுக்கிவிட்டதாம். "அந்த மணியாவது உன்னைத் தொட்டுச்சே" என்றாள் இன்ஷிராஹ். கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

செத்ததும் ஒழுங்காகத்தான் செத்தார். ஒரு வியாழக்கிழமை கடைசி மணியை அடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அவரும் அப்படியே போய்விட்டார். லீவு விட்டுவிட்டால் யார்தான் நிற்பார்கள்?

மையித்து வீட்டில் இன்ஷிராஹுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு வலித்தது, கண் மட்டும் நெற்களம் மாதிரி காய்ந்து கிடந்தது. பெண்கள் பார்த்தார்கள், பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு புண்ணியவதி, மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, அரை வெங்காயத்தைத் தலைத்துணிக்குள் மறைத்து இவள் மடியில் தள்ளினாள். இன்ஷிராஹ் அதை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இது போன வருஷச் சரக்கு. யார் கடையில வாங்கினே?"

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, வாய்ப் பழக்கம். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த தவ்ஹீதாவின் காதில் அது விழுந்துவிட்டது. தவ்ஹீதா மித்வல்லியின் அக்கா, அம்மா செத்த பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். "என் தம்பிக்கு ஒரு சொட்டுகூட இல்லையாடி உன்கிட்ட?" என்று அன்றைக்குக் கேட்டவள், அதற்கப்புறம் கேட்காத நாள் இல்லை.

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே வீடு. கீழே தவ்ஹீதா, மாடியில் இன்ஷிராஹ். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சமையல் கீழே தவ்ஹீதா அடுப்படியில்தான். சாயந்தரமானால் இருவரும் ஒரே தட்டில் ஃபூல் மொச்சையும் ரொட்டியும் வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து சண்டை நின்றால் மற்றவளுக்குச் சோறு இறங்காது. மகள் சபாஹ் மஹல்லா நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட மனிதச் சத்தமே அந்தச் சண்டைதான்.

இப்படி இருக்கும்போதுதான் பயூமி வந்து சேர்ந்தான்.

பயூமி சந்தையில் கற்றாழை விற்பவன். குட்டையான ஆள், காது மட்டும் ஆளை விடப் பெரிது. பெண்டாட்டி எப்போதோ போய்ச் சேர்ந்தாள், பிள்ளை இல்லை. எண்ணெய் டின்னில் வளர்த்த கற்றாழை, புது வீட்டு வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கற்றாழை, பெண்கள் தலைக்குத் தேய்க்கும் கற்றாழைச் சோறு, பால் மறக்கடிக்க அம்மாக்கள் மாரில் தடவிக்கொள்ளும் கசப்புப் பால், எல்லாம் அவனிடம் உண்டு. மையவாடியில் கபர்களின் தலைமாட்டில் கற்றாழை நட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் அவன்தான். "பச்சப்புள்ளைக்குப் பால் நிறுத்தறதும் நான்தான், செத்தவனுக்குப் பச்சை காட்டறதும் நான்தான். நடுவுல இருக்கிறவங்கதான் என்கிட்ட வரமாட்டேங்கறாங்க" என்பான்.

அவன் தள்ளுவண்டி இன்ஷிராஹ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. முதலில் நிழலுக்காக நின்றது, பிறகு நிழல் நகர்ந்த பிறகும் நின்றது.

"உன் வெங்காயமும் என் கற்றாழையும் தூரத்துச் சொந்தம், தெரியுமா சபாஹ் அம்மா?" என்றான் ஒருநாள்.

"அப்படியா பயூமி அண்ணே? அப்ப ஒரு கட்டுக் குடு, மீனோட கடிச்சுக்கறேன்."

"சிரிக்காதே. ரெண்டும் அடியிலேர்ந்து இலை விடும். ரெண்டும் நடுவுல மொட்டைத் தண்டு ஒண்ணை நீட்டி அது உச்சியில பூக்கும். ரெண்டையும் புடுங்கித் தொங்கவிட்டாலும் சாகாது. மண்ணும் வேணாம், தண்ணியும் வேணாம்."

"சாகாதுதான். ஆனா என்னுது கொஞ்ச நாள்ல முளை விட்டு, இருக்கறதையெல்லாம் முளைக்குக் குடுத்துட்டு, வெறும் தோலா நிக்கும். உன்னுது?"

"தன் சோத்தைத் தானே தின்னுக்கிட்டு வருஷக்கணக்கா தொங்கும்."

"அப்ப என்னுது ஊதாரி, உன்னுது கருமி. நல்ல குடும்பம்."

பயூமி கொஞ்ச நேரம் ஒரு கற்றாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஏற்கெனவே துடைத்த இலை. "இன்னொரு வித்தியாசமும் இருக்கு" என்றான். "வெங்காயம் ஒரு தடவை பூத்து விதை போட்டுட்டா அதோட கதை முடிஞ்சுது. கற்றாழை அப்படி இல்ல. ஒரு தடவை பூத்தது மறுபடியும் பூக்கும்."

அவன் காது இரண்டும் மாதுளம்பழமாகச் சிவந்துவிட்டது. அவ்வளவு பெரிய காது சிவந்தால் சந்தைக்கே தெரியும்.

"பயூமி அண்ணே, செடியைப் பத்தித்தானே பேசறே?"

"செடியைப் பத்தித்தான்."

மறுநாளிலிருந்து அவள் பேச்சில் 'அண்ணே' காணாமல் போனது. சந்தையே கவனித்தது. மீன்காரி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன இன்ஷிராஹ், வாயில பல்லு எதுவும் விழுந்துடுச்சா? ஏதோ ஒரு வார்த்தை குறையுதே" என்று கேட்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் இன்ஷிராஹ் வண்டியை விட்டுத் தகரக்கூரைக் கடைக்கு மாறினாள். புதுக் கடை வாசலில் கற்றாழை தொங்க வேண்டுமே. பயூமியே ஏணி போட்டு ஏறி, வேர் மேலேயும் இலை கீழேயுமாகக் கம்பியில் கட்டினான். அதே ஆணியில் இவள் ஒரு வெங்காயச் சரத்தையும் மாட்டினாள்.

"இது பூத்தா சொல்லு" என்றான் ஏணியிலிருந்து இறங்காமலே.

"பூக்கலேன்னா?"

"பூக்கலேன்னாலும் சொல்லு."

இன்ஷிராஹுக்குப் புரிந்தது. இறங்கும்போது ஏணியை அவளே பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் அவள் யார் ஏணியையும் பிடித்ததில்லை.

சபாஹ் போனில், "பண்ணிக்கோம்மா, உனக்குப் பேச ஆள் வேணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இமாமைக் கேட்டதற்கு, "இதுல கேக்க என்ன இருக்கு? வெங்காயம் கிலோ என்ன விலை?" என்றார். பாக்கி இருந்தது தவ்ஹீதா ஒருத்திதான். அன்று சாயந்தரம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இன்ஷிராஹ் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"நிக்காஹா? அந்தக் கள்ளி விக்கறவனையா?"

"கள்ளி இல்ல மதினி, கற்றாழை."

"முள்ளு இருக்கில்ல? ரெண்டும் ஒண்ணுதான்." தவ்ஹீதா தட்டைத் தள்ளி வைத்தாள். "என் தம்பி சம்மதிக்கணும்."

"உன் தம்பி செத்து மூணு வருஷம் ஆச்சு மதினி."

"செத்துட்டா சம்மதம் கேக்க வேணாமா? அவன் தலைமாட்டுல கற்றாழை நட்டிருக்கில்ல, அது பூக்கட்டும். பூத்தா அவன் சரின்னு சொன்னதா எடுத்துக்கறேன். அதுக்கு முன்னாடி போனியோ, போனதுதான். அப்புறம் இந்த அடுப்படி வாசப்படியை மிதிக்கக் கூடாது. அழத்தான் இல்லே, அடக்கமாவது இரு."

மித்வல்லியின் கபரில் இருந்தது ஆடு கடித்த நோஞ்சான் கன்று. நட்ட பயூமியே, அது பூக்க இன்னும் சில வருஷம் ஆகும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தான். தவ்ஹீதா அதை மறக்கவில்லை.

இன்ஷிராஹ் வேண்டுமானால் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கலாம். தடுக்க ஆள் இல்லை, சட்டம் இல்லை. ஆனால் அவளுக்குப் பயூமியும் வேண்டும், அந்த அடுப்படியும் வேண்டும். தான் போய்விட்டால் தவ்ஹீதா அடுப்பே மூட்டமாட்டாள், காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு, 'சாப்பிட்டேன்' என்று ஊருக்குச் சொல்லுவாள். அது இன்ஷிராஹுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சலோடுதான் வியாழக்கிழமை மையவாடிக்குப் போனாள். ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தாள், பாத்திஹா ஓதினாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு கபரின் தலைமாட்டில் நட்ட மீசான் கல்லைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"இருந்தப்பவும் மூக்கைப் பொத்திக்கிட்டே இருந்தே. இப்ப உன் அக்காவை விட்டு என் வாயையும் பொத்தறியா?"

பையில் கைவிட்டபோது விற்காத வெங்காயம் ஒன்று தட்டுப்பட்டது, பச்சை முளை விட்டது. கற்றாழைக்கு நடுவே மண்ணை விரலால் குடைந்து அதை அழுத்திப் புதைத்தாள்.

"இந்தா, மோந்துக்கிட்டே படு. இப்ப எந்தக் கைக்குட்டையை வெச்சுப் பொத்துவேன்னு பார்க்கறேன்."

பெரிய திட்டமெல்லாம் எதுவும் இல்லை, வெறும் வீம்புதான். வீட்டுக்கு வருவதற்குள் அவளே அதை மறந்துவிட்டாள்.

வெங்காயம் மறக்கவில்லை. தூபா என்னும் கடுங்குளிர் மாசத்தில் வேர் பிடித்து, குளிர் போனதும் கற்றாழை இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டை நீட்டியது. உச்சியில் காகிதம் மாதிரித் தோலுக்குள் கூர்மையான ஒரு மொட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் கற்றாழை மொட்டேதான். தவ்ஹீதா அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்தாள். ஆட்டோவில் வாய்க்கால் கரைச் சாலையில் போகும்போது, கண்ணாடி போடாத கண்ணால். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று அவள் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள்.

அன்று சாயந்தரம் அவள் சண்டை போடவில்லை. இன்ஷிராஹ் பயந்துபோனாள்.

"என்ன மதினி, உடம்புக்கு என்ன?"

"தம்பி கபர்ல பூ விட்டிருக்கு." தவ்ஹீதா ரொட்டியில் பெரிய துண்டாகப் பார்த்துப் பிட்டு இன்ஷிராஹ் பக்கம் வைத்தாள். "ஷம்முன் நசீம் பண்டிகை அன்னிக்குப் போய்க் கிட்டத்துல பார்க்கணும். சொன்ன வாக்கு சொன்ன வாக்குதான்."

குரலில் கோபம் இல்லை. யாரோ ஊருக்குப் புறப்படும்போது மூட்டை கட்டிக்கொடுக்கிற குரல் அது. தான் அங்கே வெங்காயம் புதைத்தது இன்ஷிராஹுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் பயூமியின் வண்டிக்கு ஓடினாள்.

"யோவ், அது கற்றாழைப் பூ இல்லய்யா! வெங்காயம்! நான்தான் நட்டேன்!"

"தெரியும்."

"தெரியுமா?"

"குளிர்லயே தெரியும். கற்றாழைக்கு நடுவுல வெங்காயத்தாள் நின்னா எனக்குத் தெரியாதா? கபர்ல போய் வெங்காயம் நடற பொம்பளை இந்த ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க?"

"அப்ப ஏன்யா புடுங்கல?"

"யார் எதை நட்டாலும் புடுங்கறது என் வேலை இல்ல. தண்ணி ஊத்தறதுதான் வேலை. ஊத்தினேன்."

"வெங்காயத்துக்கா?"

"கற்றாழைக்கு எதுக்கு அவ்வளவு தண்ணி?" என்றான் பயூமி. காது சிவந்துவிட்டது.

இன்ஷிராஹ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மதினி கேட்டா கற்றாழைன்னு சொல்லிடுய்யா."

"கபர்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லமாட்டேன்."

"அப்ப வெங்காயம்னு சொல்லிடுவியா?"

"கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன்."

அவனைக் கட்டிக்கொள்வதா, கற்றாழையால் அடிப்பதா என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. வெங்காயம் என்று தெரிந்தால் தவ்ஹீதா என்ன நினைப்பாள்? என் தம்பி தலைமாட்டில் வெங்காயத்தை நட்டு என்னையே ஏமாற்றப் பார்த்தாயா என்பாள். அடுப்படியும் போகும், பயூமியும் போவான். பண்டிகை நாள் காலையில் முதல் ஆளாகப் போய்ப் பிடுங்கி எறிந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

போனாள். குனிந்து தண்டில் கையும் வைத்துவிட்டாள். மொட்டுத் தோல் கிழிந்து, உள்ளேயிருந்து வெள்ளை உருண்டையாக நூறு குட்டி நட்சத்திரங்கள் வெடித்து நின்றன. ஒரு தேனீ அதன்மேல் சொந்த வீடு மாதிரி நடந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து வெங்காயம் பார்த்தவள்தான். ஆனால் பூக்கிற வரை எந்த வியாபாரி விடுவான்? பிடுங்கினால் தேனீ கொட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை எடுத்துவிட்டாள். தேனீ அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் வாய்க்கால் கரையில் பாய் விரிக்க ஆள் வர ஆரம்பித்துவிட்டது.

ஷம்முன் நசீம் என்றால் காற்றை முகரும் நாள். அன்று காற்றில் முகர எதுவும் மிஞ்சாது என்பது வேறு விஷயம். ஊர் முழுக்கக் கரைக்கு வந்துவிடும். உப்பில் ஊறிப் புளித்த ஃபசீக் மீன், சாயம் பூசின முட்டை, கட்டுக்கட்டாக வெங்காயத்தாள். கழுதைகூட வெங்காய ஏப்பம்தான் விடும். மையவாடி கரையை ஒட்டியே இருந்ததால் செத்தவர்களுக்கும் பங்கு கிடைத்தது.

மீனை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு தவ்ஹீதா எழுந்தாள். "வா" என்றாள். இன்ஷிராஹ் பின்னால் போனாள். அந்த நிக்காஹ் கதை ஊருக்கே தெரிந்திருந்ததால் அவள் பின்னால் பாதி மித் ரஸ்லானும் போனது. பயூமி வாளியோடு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான்.

தவ்ஹீதா கபர் முன்னால் குனிந்தாள். பூவின் முகத்துக்கு மூக்கைக் கொண்டுபோனாள்.

"வெங்காய நாத்தம் அடிக்குதே?"

"இன்னிக்கு எதுலதான் அடிக்கல மதினி?" என்றாள் இன்ஷிராஹ். "உன் கையை மோந்து பாரு."

தவ்ஹீதா தன் கையை மோந்தாள். மீனும் வெங்காயமும். "அதுவும் சரிதான்" என்றாள். பிறகு தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அழுத்தினாள். கொஞ்சம் அதிக நேரமே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏப்பா பயூமி, இது பூதானே?"

"பூதான் அக்கா."

"தானா பூத்ததா?"

"தண்ணி ஊத்தினது நான். பூத்தது அதுவாத்தான்."

அங்கே நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் வெங்காயம் விதைத்து, வெங்காயம் அறுத்து, வெங்காயம் விற்ற காசில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஒரு கிழவர் நம்ப முடியாமல், "அடடே, இது..." என்று ஆரம்பித்தார். அவர் பெண்டாட்டி முழு முட்டை ஒன்றை அவர் வாயில் அடைத்தாள், ஓடோடு.

தவ்ஹீதா பூவைக் கிள்ளித் தலைத்துணி முடிச்சில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். "என் தம்பி சம்மதம் குடுத்துட்டான்" என்றாள். பெண்கள் குலவையிட்டார்கள். மையவாடியில் குலவையா என்று இமாம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த வெங்காயத்தாளைப் பார்த்தார். அதையே கடித்துக்கொண்டார்.

மறுநாள் காற்று சுத்தமாகிவிட்டது. தவ்ஹீதா கீழேயிருந்து கூப்பிட்டாள். அடுப்படிப் பலகையில் ஒரு டீ கிளாஸ், அதில் பூ. அந்த அறை முழுக்க அதன் நெடி, அது என்னவென்று கத்திக்கொண்டிருந்தது.

"உக்காரு. என்ன இது?"

"பூ."

"பயூமி மாதிரிப் பேசாதே. வெங்காயம் இது."

இன்ஷிராஹ் எழுந்து நின்றாள். "மதினி, சத்தியமா ஏமாத்தறதுக்கு நடல. அவர்மேல இருந்த கோவத்துல..."

"உக்காருடி. கண்ணு தெரியலேன்னா வெங்காயம் தெரியாதா எனக்கு? தண்டைப் புடிச்சதுமே தெரியும், உள்ள வெறும் குழல். கற்றாழை அப்படியா இருக்கும்? கெட்டியா இருக்கும்."

"அப்ப அங்கேயே ஏன் மதினி சொல்லல?"

தவ்ஹீதா அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"பள்ளிக்கூடம் விட்டதும் உன் புருஷன் நேரா எங்க வருவான் தெரியுமா? இங்க. உன் மூட்டையிலேர்ந்து ஒண்ணைத் திருடிக்கிட்டு. இதோ இந்தப் பலகையில வெச்சு, முஷ்டியால ஒரே குத்து. உப்பும் சீரகமும் தொட்டுக்கிட்டு, ரொட்டியைக்கூட மறந்துட்டுத் தின்பான். தின்னு முடிச்சு ஏலக்கா மெல்லுவான். அப்புறம் கைக்குட்டையைப் பன்னீர்ல நனைச்சு வாயையும் மூக்கையும் சேத்துப் பொத்திக்கிட்டு மாடி ஏறுவான். அது உன் நாத்தத்துக்கு இல்லடி. அவன் வாய் நாத்தம் உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

இன்ஷிராஹ் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன் சொல்லல அவரு?"

"கல்யாணத்தன்னிக்கு ஏதோ பியூன் கௌரவத்துல மூக்கைப் பொத்தித் தொலைச்சுட்டான். அப்புறம் கையை எடுக்க வழி தெரியல. வீம்பு. நீ என்னடான்னா மூட்டையில வெங்காயம் குறையுது, பெருச்சாளி வந்துடுச்சுன்னு எலிப்பொறி வெச்சே. ஞாபகம் இருக்கா?"

"வெச்சேன்..."

"அவன் விரலை நசுக்கினது பள்ளிக்கூட மணின்னா நெனச்சே?"

முதலில் இன்ஷிராஹின் தோள்தான் குலுங்கியது. பிறகு ஒரு சத்தம் கிளம்பியது, மாடிப்படியில் மூட்டை உருண்டு வருகிற சத்தம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பலகையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கஞ்சி போட்ட அங்கி, கட்டுப் போட்ட விரல், பன்னீர்க் கைக்குட்டை, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது, மூக்கு ஒழுகியது, துடைக்கத் துடைக்க வந்தது.

"அழுதுட்டே" என்றாள் தவ்ஹீதா.

"சிரிக்கறேன் மதினி."

"என்ன எழவோ. தண்ணி வருதில்ல, எனக்கு அது போதும்." தவ்ஹீதா தன் தலைத்துணியின் நுனியைக் கொடுத்தாள். "அவன் சம்மதம் சொல்றதா இருந்தா கற்றாழையிலயா சொல்லுவான்? இதுலதான் சொல்லுவான். போய் நிக்காஹுக்கு நாள் பாரு. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன், அந்தக் கள்ளிக்காரனும் இங்கதான் வந்து சாப்பிடணும். நீ இல்லாம ஒரு ஃபூல் தட்டை நான் எப்படித் தனியா முடிக்கறது? கெட்டுப்போகாதா?"

"கள்ளி இல்ல மதினி, கற்றாழை."

"முள்ளு இருக்கில்ல?"

நிக்காஹ் சுருக்கமாக முடிந்தது. மாலைக்குப் பதிலாக மீன்காரி வெங்காயச் சரம் ஒன்றைக் கொண்டுவந்து பயூமி கழுத்தில் போட்டாள். போட்டோவில் அவன் காது மட்டும்தான் வெளியே தெரிகிறது. கடை வாசலில் தொங்கிய கற்றாழை அந்த வருஷம் பூக்கவில்லை. பூக்காததையும் அவள் அவனிடம் முறையாகச் சொன்னாள். இப்போது தட்டைச் சுற்றி மூன்று பேர். பயூமி சண்டையில் கலந்துகொள்வதில்லை. யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பக்கம் உப்பை நகர்த்தி வைப்பான்.

சில வருஷம் கழித்து, ஒருவழியாக, மித்வல்லி கபரின் கற்றாழையும் பூத்தது. ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குழல்கள், எல்லாம் தலை கவிழ்ந்து. தவ்ஹீதா கண்ணாடி போட்டுக்கொண்டே வந்து பார்த்தாள்.

"இப்ப என்னவாம் இவனுக்கு?"

"யாருக்குத் தெரியும் மதினி? தாமதமா வந்த பியூன்."

தவ்ஹீதா ஆட்டோவில் ஏறிக்கொள்ளும் வரை இன்ஷிராஹ் காத்திருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். விற்காமல் போனது இல்லை, மூட்டையில் பார்த்துப் பொறுக்கியெடுத்த நல்ல வெங்காயம். கற்றாழைக்கு அருகில் மண்ணைக் குடைந்து புதைத்து, ஒரு சிட்டிகை சீரகத்தையும் தூவினாள்.

"இந்தா" என்றாள் கல்லைப் பார்த்து. "இனிமே திருடாதே, கேட்டு வாங்கிச் சாப்பிடு."